கடைவீதிக்காக மலையேறுவதென்றால் எந்த ஊர்: ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா, கொடைக்கானலா?

"தொட்டபெட்டா பார்த்தாச்சு, தூண்பாறை பார்த்தாச்சு, படகும் விட்டாச்சு. இந்தத் தடவை சும்மா மார்க்கெட்ல நடக்கணும், சூடா வர்க்கி சாப்பிடணும், நல்ல டீத்தூள் ரெண்டு பாக்கெட் வாங்கணும். ரெண்டு ராத்திரிதான் லீவு, எந்த ஊர்ல ரூம் போடட்டும்?"

ஏப்ரல் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒன்றாவது வந்துவிடும். போன வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு காரில் வருகிறவர், ஒருவர் முழங்கால் வலிக்கும் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர், இன்னொருவர் தனியாளாக, ஒரு பையோடு, பஸ்ஸில். மூவருக்கும் ஒரே ஊரைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குன்னூர்ப் பக்கத்து ஆள். சார்பு இருக்கும். கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

நடைதான் முதல் கணக்கு. ரூமிலிருந்து கடைவீதிக்கு நடந்து போய், பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்ப முடியுமா? மலையூரில் ஒரு கிலோமீட்டர் என்பதற்கு அர்த்தமே வேறு. இறங்கும்போது பத்து நிமிடம் ஆகிற தூரம் கேரட்டும் தேன் பாட்டிலும் சுமந்து ஏறும்போது அரை மணி நேரம்.

இரண்டாவது, வாங்குகிற பொருள் அந்த ஊரோடு நிஜமாகவே சம்பந்தப்பட்டதா. "ஊட்டி ஸ்பெஷல்" என்று ஒட்டிக் கீழேயிருந்து மேலே ஏறி வந்து, உங்கள் பையில் மறுபடி கீழே இறங்கும் சாமான்கள் ஏராளம்.

மூன்றாவது போய்ச் சேரும் பாடு: கொண்டை ஊசி வளைவு, பஸ் வசதி, இ-பாஸ் (வண்டி மலையேற இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு). நான்காவது, ரூம் வாடகையில் தெரியாத செலவு. ஐந்தாவதாக மழை. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நீலகிரியில் பத்துப் பதினைந்து மைல் தள்ளியிருக்கும் இரண்டு ஊருக்கு இரண்டு வேறு மழைக்காலம். ஊட்டி ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நனையும். கிழக்குப் பார்த்த சரிவில் இருக்கும் குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாங்கிக் கட்டிக்கொள்ளும். கொடைக்கும் அந்த ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனம்.

இ-பாஸ் நாலு ஊருக்கும் பொது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர்ச் சொந்த வண்டி, வாடகை வண்டி எல்லாவற்றுக்கும் வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000; கொடைக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. விதி அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| | ஊட்டி | குன்னூர் | கோத்தகிரி | கொடைக்கானல் |
|---|---|---|---|---|
| கடைவீதி | பெரியது, பெரும்பாலும் சமதளம் | நடுத்தரம், ஒரே ஏற்ற இறக்கம் | சின்னது, ஒரு மணி நேரத்தில் முடியும் | ஞாயிறு தவிர சுமார் |
| வாங்க வேண்டியது | வர்க்கி, காய்கறி, தோடர் பூவேலை | டீத்தூள் | தேன், தேன்மெழுகு | மலைப்பூண்டு, சீஸ் |
| போய்ச் சேர | ரயில், பஸ் | ரயில், பஸ் | பஸ் மட்டும் | பஸ் மட்டும், தூரம் |
| மறைந்திருக்கும் செலவு | ஆட்டோ, சீசன் வாடகை | மேல் குன்னூர் ஏற்றம் | மாலைக்குப் பிறகு வண்டி | போக வர ஆகும் நேரம் |
| தவிர்க்க வேண்டிய காலம் | மே, ஜூலை மழை | நவம்பர் | நவம்பர் | மே, நவம்பர் |

## ஊட்டி

ஊட்டி மார்க்கெட்டைப் பார்க்காமலே ஊட்டியைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். தாவரவியல் பூங்காவுக்கும் ஏரிக்கும் இடையில் கார் கண்ணாடி வழியாக ஒரு கூட்டம் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தால் ஊர் வேறு. கேத்தி, பாலாடா பக்கத்திலிருந்து வந்த கேரட் ஈரம் காயாமல் கிடக்கும், பக்கத்தில் டர்னிப், லீக்ஸ், செலரி, பட்டாணி. கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும் படுக மொழியில் பேசிக்கொள்வார்கள், நம்மைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுவார்கள்.

முக்கியமான விஷயம், மார்க்கெட்டும் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் கீழ்ப்பகுதியில் அதிக மேடு பள்ளம் இல்லாமல் இருக்கின்றன. அங்கிருந்து கமர்ஷியல் ரோடு வழியாகச் சேரிங்கிராஸ் வரை மெதுவாக நடந்தே போகலாம். 2,240 மீட்டர் உயரத்தில் இப்படி ஒரு சமதள நடை கிடைப்பது பெரிய காரியம்.

இப்போது வர்க்கி, மொறுமொறுவென்று உதிரும் ஊட்டி பிஸ்கட். இதற்கு மாவு புளிக்கவைக்க ஈஸ்ட் போடாமல் 'மாவா' என்று ஒன்றைச் சேர்ப்பது பழைய முறை: மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைத்த கலவை. விறகடுப்பில் வேகும். தட்டு வெளியே வந்ததும் பக்கத்தில் நின்றால் வர்க்கி ஆறும்போது சன்னமாகப் படபடவென்று சத்தம் கேட்கும், மேல்தோல் இறுகுகிற சத்தம் அது. கையில் எடுத்து உடைத்தால் பாதி சட்டையில் உதிரும். டீயில் தோய்த்து இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும், மூன்று எண்ணினால் டம்ளரின் அடியில் கரண்டி போட்டுத் தேட வேண்டியதுதான். பேக்கரியில் "இன்னைக்குப் போட்டதாண்ணா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்பார்கள். கீழே கொண்டுபோனால் பிளாஸ்டிக் பையிலேயே விட்டுவிடாதீர்கள். சமவெளிக் காற்றில் இரண்டே நாளில் நமத்துப்போகும், மூடி இறுக்கமான டப்பாவில் போட்டால் தப்பிக்கும்.

சாக்லேட் விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். கோகோ ஊட்டியில் விளைவதில்லை, அது வெப்பம் கேட்கும் பயிர். ஊட்டியில் நடப்பது உருக்கி அச்சில் ஊற்றும் வேலை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, குளிர் ஊரில் அந்த வேலை சுலபம். எதை உருக்குகிறார்கள் என்பதில்தான் விலை வித்தியாசம். கோகோ வெண்ணெய் உள்ளது ஒரு ரகம்; அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்ட 'காம்பவுண்ட்' இன்னொரு ரகம். நாக்கில் வைத்ததும் தானாக இளகினால் முதல் ரகம், மெழுகு மாதிரி நின்று கொஞ்ச நேரம் யோசித்தால் இரண்டாவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல சாக்லேட்டுதான் மேட்டுப்பாளையம் வெயிலில் பையோடு உருகும், மட்டமானது கோயம்புத்தூர் தாண்டியும் கம்பீரமாக இருக்கும். அதனால் நல்லதை அங்கேயே தின்றுவிட்டு, ஆபீஸில் கொடுக்க மற்றதை வாங்கிப் போகிற ஆட்களை எனக்குத் தெரியும். (ஆபீஸில் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

தைலமும் அப்படித்தான். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். சுத்தமான நீலகிரித் தைலம் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை வட்டமாக அப்படியே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. என் பெரியம்மா இதைக் கடை வாசலிலேயே செய்துகாட்டுவார், கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

கையில் பணம் இருந்தால் தோடர் பூவேலைச் சால்வை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும், இழை எண்ணிப் போடுகிற வேலை, 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பிப் பாருங்கள்: பின்பக்கமும் கிட்டத்தட்ட முன்பக்கம் போலவே இருக்கும். மெஷின் தையலில் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். முழுச் சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது, விலையைக் கேட்டுப் பேரம் பேசாதீர்கள். கட்டுப்படியாகாவிட்டால் சின்னப் பை, பர்ஸ் என்று கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். ஒரு மே மாதம் அக்கா குடும்பத்துக்கு ரூம் போட்டுக் கொடுத்தேன். விளம்பரத்தில் "மார்க்கெட்டிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு, காரில், கீழ்நோக்கி வந்தால் ஐந்து நிமிடம்தான். மற்ற நேரத்தில் முக்கால் மணி நேர நெரிசல். ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் இன்னொரு ராத்திரி தங்கியிருக்கலாம், அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். சீசனில் வாடகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவது சாதாரணம். அதனால் ஊட்டியென்றால் பஸ் ஸ்டாண்டுக்கும் சேரிங்கிராஸுக்கும் இடையில், சுமாரான லாட்ஜாக இருந்தாலும் பரவாயில்லை. 'வியூ' உள்ள காட்டேஜ் கடைவீதிப் பயணிக்கு வேஸ்ட்.

யாருக்குப் பொருந்தும்: வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு. முதல் தடவை வருகிறவர்களுக்கும். செப்டம்பர் நடுவில், அல்லது பிப்ரவரியில் வார நாளாகப் பார்த்து வந்தால் இன்னும் உத்தமம்.

## குன்னூர்

குன்னூர் இரண்டு மாடி ஊர். கீழ் மாடியில் ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு. மேல் மாடியில் பெட்ஃபோர்டு, சிம்ஸ் பூங்கா, பங்களாக்கள். ரயிலை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் மார்க்கெட்டுக்குள் இருக்கலாம், இது ஊட்டியில்கூட அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் நல்ல தங்குமிடங்களில் பலவும் மேல் மாடியில். அந்த ஏற்றத்தில் இரண்டு நாள் ஏறி இறங்கினால் கெண்டைக்கால் பேசும்.

மார்க்கெட்டைப் பற்றி நான் சொன்னால் மிகையாகத்தான் இருக்கும். சந்து ஒன்றில் நுழைந்தால் படி, படி முடிந்தால் கடை, கடைக்குப் பின்னால் இன்னொரு சந்து. கூட்டம் பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டம். எஸ்டேட் ஆட்கள், வெலிங்டனிலிருந்து வருகிற பட்டாளத்துக் குடும்பங்கள், அருவங்காடு தொழிற்சாலைக் குடும்பங்கள். சுற்றுலா விலை என்று தனியாக ஒன்று இங்கே அவ்வளவாக இல்லை.

இந்த ஊரின் ஆடம்பரம் டீ. 1963-லிருந்து இங்கே தேயிலை ஏல மையம் நடக்கிறது, சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான கூட்டமைப்பு இன்ட்கோசர்வின் தலைமையகமும் இங்கேதான். அதனால் டீத்தூள் கடையில் நிற்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சிடிசியா, ஆர்த்தடாக்ஸா? குருணை குருணையாக இருப்பது சிடிசி, பால் ஊற்றிக் கொதிக்கவைத்து வீட்டில் குடிக்கிற டீ அதுதான். இலை சுருண்டு முறுக்கியதுபோல் இருப்பது ஆர்த்தடாக்ஸ், நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்கு 2008-லேயே புவிசார் குறியீடு உண்டு. அதைக் கொண்டுபோய்ப் பாலில் கொதிக்கவிட்டு "மலை டீ ஒண்ணுமே இல்லை, தண்ணியா இருக்கு" என்று சொல்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை. வெந்நீரில் போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டிக் குடிக்க வேண்டிய டீ அது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் அதைவிடச் சற்று மேலே. அதனால் இங்கே ருசித்த அதே தூள் சென்னை வீட்டில் தளதளவென்று கொதிக்கிற நீரில் கொஞ்சம் கசப்பாக இறங்கினால் கடைக்காரரைத் திட்டாதீர்கள், நீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்த இலைக்கு வாசனை தனி. அந்தத் தூள் வேண்டுமென்றால் மார்ச் வாக்கில் வந்து கேளுங்கள்.

வரும் வழியும் இங்கே ஒரு காரணம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் வந்தது. பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நிஜமான மலையேற்றம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். முழு வழிக்கும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும், டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் தினமும் சில நடை ஓடுகிறது. குன்னூரில் தங்கி, காலையில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ரயிலில் ஊட்டி போய், வர்க்கியும் காயும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பலாம். பஸ்ஸென்றால் 19 கிலோமீட்டர்தான். ஊட்டியில் தங்குகிறவர்கள் குன்னூருக்கு இப்படி வருவதில்லை, ஏனென்று எனக்குப் புரிவதில்லை.

மறைந்திருக்கும் செலவு: மேல் குன்னூரில் தங்கினால் ஆட்டோ. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக ஏறும் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு அரை நாள். நவம்பரில் மண்சரிவு வந்தால் ரயில் ரத்தாகும், சில நாள் சாலையும் நிற்கும். அப்போது வருகிறவர்கள் ஒரு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வந்தால் பர்லியாற்றில் மங்குஸ்தானும் துரியனும் கிடைக்கும். துரியனைப் பஸ்ஸில் கொண்டுவராதீர்கள், கண்டக்டர் இறக்கிவிடுவார்.

## கோத்தகிரி

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறி வந்து முகாமிட்டது இந்தப் பக்கம்தான், கன்னேரிமுக்கில் அவர் பங்களா இன்றும் இருக்கிறது. அப்புறம் ஊட்டிக்குப் போய்விட்டார். கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது, கோத்தகிரி தப்பித்தது.

கடைவீதி என்று பார்த்தால் சின்னதுதான், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் தேனுக்காகவே வரலாம். குறும்பரும் இருளரும் பாறையிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுக்கிற தேனை இங்கே கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் பல வருடங்களாக வாங்கி விற்க ஏற்பாடு செய்துவருகிறது. காட்டுத்தேன் கடைத்தேன் மாதிரி கெட்டியாக இருக்காது, ஈரம் அதிகம், சில சமயம் நுரைக்கும். பாட்டில் மூடியைத் திறந்ததும் "புஸ்" என்றால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நாவல் பூக்கும் பருவத்துத் தேன் லேசாகக் கசக்கும், சிலர் அதைத் தேடி வாங்குவார்கள், நான் அந்தக் கட்சி.

மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர், வளைவு குறைவான பாதை, தலைசுற்றல் ஆட்களுக்கு இதுவே நல்லது. மே நெரிசலில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். அதனால் தங்காவிட்டாலும் இறங்கும்போது ஒரு டீக்கு நிறுத்திக்கொள்ளலாம். மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான்: இருட்டியபிறகு வெளியே தங்குமிடத்துக்குப் போக வண்டி கிடைப்பது கஷ்டம். சாப்பாட்டுக்கும் அங்கேயே சொல்லிவைத்துவிட வேண்டும்.

புத்தகம் படிக்க, தூங்க, நடக்க வருகிறவர்களுக்கு நாலில் இதுதான் சிறந்தது. கடைவீதிக்காக மட்டும் என்றால் இரண்டு ராத்திரி அதிகம்.

## கொடைக்கானல்

கொடைக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே: ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்க வேண்டும். மற்ற நாளில் கடைவீதி ஏரியைப் பார்க்க வந்தவர்களுக்கான தொப்பி, ஸ்வெட்டர், சாக்லேட் வீதி. ஞாயிறு சந்தை அன்று பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டிப் பக்கத்துச் சாமான் இறங்கும். அவக்காடோ, பேரிக்காய், மரத்தக்காளி, பிளம்ஸ், பருவத்தைப் பொறுத்து. கிராமத்து ஆட்கள் வாரச் சாமான் வாங்க வருவதால் விலையும் பேச்சும் ஒழுங்காக இருக்கும்.

இங்கே வாங்க வேண்டியது பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் வாசனையும் தூக்கல், புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். வடநாட்டுப் பூண்டையும் மலைப்பூண்டு என்று விற்கிறார்கள். தாளோடு கட்டிய கட்டாகப் பார்த்து வாங்கினால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. இதே பூண்டு மொத்தமாகப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. தேனிக்காரர்கள் இதற்காக மலையேற வேண்டிய அவசியமே இல்லை.

சீஸும் உண்டு, நன்றாகவே இருக்கும். ஆனால் மதுரை வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்து வாங்குங்கள்.

செலவு முழுக்கப் பாதையில் இருக்கிறது. கொடை ரோடு ரயில் நிலையத்திலிருந்து 80 கிலோமீட்டர், மேலே ரயில் கிடையாது. இரண்டு ராத்திரிப் பயணத்தில் ஏறக்குறைய ஒரு பகல் பஸ்ஸிலேயே போய்விடும். நாலு நாள் இருந்தால் கணக்கு மாறும். வத்தலகுண்டு வழியாக ஏறி, பெருமாள்மலையில் பிரிந்து பழனி வழியாக இறங்குங்கள், 65 கிலோமீட்டர். வழியில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி வட்டாரத்துக் காப்பி. கீழே அடிவாரத்தில் பஞ்சாமிர்தம், அதற்கும் 2019-ல் குறியீடு கிடைத்தது. பழைய பக்குவத்துக்கு இந்த மலையின் விருப்பாச்சி வாழைதான் வேண்டும் என்பார்கள். முடிக்கொத்து நோய் வந்து அந்தத் தோட்டங்கள் நிறைய அழிந்துவிட்டன, ஆகவே விருப்பாச்சிப் பழம் சந்தையில் கண்ணில் பட்டால் அங்கேயே வாங்கி ஒன்று உரித்துத் தின்றுவிடுங்கள்.

## அந்த மூவருக்கு

மாமனாரோடு வருகிறவர்: ஊட்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லிஃப்ட் உள்ள லாட்ஜ், தயவுசெய்து மே வேண்டாம். குன்னூர்ப் படிகளில் அவரை ஏற்றாதீர்கள், எனக்குத்தான் திட்டு விழும்.

கைக்குழந்தையோடு காரில் வருகிறவர்: கோத்தகிரி. இ-பாஸ் போட்டுக்கொண்டு, ஒரு பகல் குன்னூர் மார்க்கெட்டுக்கு வந்து போங்கள். குடிதண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள். நீலகிரியில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலோடு பிடிபட்டால் அபராதம் உண்டு, பாட்டிலும் போகும்.

ஒற்றைப் பையோடு பஸ்ஸில் வருகிறவர் கீழ்க் குன்னூரில், ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ரூம் எடுங்கள். வெள்ளி ராத்திரி வந்துவிடுங்கள். சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குள் நுழையும்போது வெறும் வயிறாக இருக்கட்டும். டீத்தூளைக் கடைசி நாளுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் பையில் இருக்கிற மற்ற எல்லாவற்றின் வாசனையையும் அது இழுத்துக்கொள்ளும், முக்கியமாகத் தைலத்தை.